ஆளைச் சுட்டிக்காட்டும் ஆங்கிலம்: ஹூ, ஹூம், ஹூஸ், தட் முழுமையான வழிகாட்டி

"நேற்று வந்த பையன்", "நான் சாவி கொடுத்த பெண்", "கார் திருடுபோன டாக்டர்". தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே அச்சுதான். வினையைப் பெயரெச்சமாக்கி ஆளுக்கு முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் உள்ளே பார்த்தால் மூன்று பேரின் நிலையும் வேறு. பையன் வந்தவன், அதாவது எழுவாய். பெண்ணுக்குச் சாவி போனது. அங்கே 'க்கு' இருக்கிறது. டாக்டருடைய கார் போனது. அங்கே 'உடைய' இருக்கிறது. தமிழ்ப் பெயரெச்சம் இந்த உருபுகளை எல்லாம் விழுங்கிவிடும். கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்.

ஆங்கிலம் எதையும் விழுங்காது. "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே", "தி உமன் ஐ கேவ் தி கீஸ் டு", "தி டாக்டர் ஹூஸ் கார் வாஸ் ஸ்டோலன்" என்று மூன்றும் மூன்று விதமாக நிற்கும். ஆளை முதலில் சொல்லிவிட்டு, விளக்கத்தைப் பின்னால் தொங்கவிடுவது ஆங்கில வழக்கம். இந்த வரிசை மாற்றத்தைப் பெரும்பாலோர் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சறுக்குவது அடுத்த இடத்தில்: தமிழ் விழுங்கியதை ஆங்கிலத்தில் திருப்பிக் கக்கவேண்டும் என்பது மறந்துபோகிறது. ஆளுக்குப் பின்னால் தொங்கும் இந்த விளக்கத் தொடருக்கு 'ரிலேட்டிவ் கிளாஸ்' என்று பெயர். அதில் நாம் செய்யும் பிழைகளில் பல இந்த ஒரு மறதியிலிருந்து வருபவை. கீழே வருவதை இதை மனதில் வைத்துப் படியுங்கள். ஆங்கில வாக்கியங்கள் ஒலிப்படி தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நல்லது.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துக் கட்டுவது

எடுத்துக்கொள்வோம்: "நேற்று நான் சாவி கொடுத்த பெண் இன்று வரவில்லை."

படி 1. இதை இரண்டு முழு வாக்கியமாக உடையுங்கள். "தி உமன் டிட் நாட் கம் டுடே." "ஐ கேவ் தி கீஸ் டு ஹர் யெஸ்டர்டே." முதலாவது செய்தி. இரண்டாவது, எந்தப் பெண் என்ற அடையாளம்.

படி 2. அடையாள வாக்கியத்தில் அந்த ஆளைக் குறிக்கும் சொல் எது என்று பாருங்கள். இங்கே 'ஹர்'. அது 'டு' என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. இந்த 'டு'தான் தமிழ் விழுங்கிய 'க்கு'.

படி 3. 'ஹர்' என்பதை எடுத்துவிட்டு, வாக்கியத்தின் தலையில் 'ஹூ' வையுங்கள். "ஹூ ஐ கேவ் தி கீஸ் டு யெஸ்டர்டே." 'ஹர்' இருந்த இடம் காலியாகிவிட்டது. 'டு' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது தனியாக நிற்பதைப் பார்த்து ஏதோ குறைகிறது என்று தோன்றும், தோன்றட்டும், தொடாதீர்கள்.

படி 4. இந்தத் தொடரை அப்படியே தூக்கி 'உமன்' என்ற சொல்லுக்கு ஒட்டிப் பின்னால் செருகுங்கள். "தி உமன் ஹூ ஐ கேவ் தி கீஸ் டு யெஸ்டர்டே டிட் நாட் கம் டுடே."

படி 5. சோதனை. செருகியதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: "தி உமன் டிட் நாட் கம் டுடே." தானாக நிற்கிறது, சரி. பிறகு செருகியதை மட்டும் பாருங்கள்: அதற்குள் அந்தப் பெண்ணுக்கான இடம் ஒன்று காலியாக இருக்கவேண்டும். இருக்கிறது, அதுவும் சரி.

இந்த ஐந்து படிகளில் நான்கு இடத்தில் கால் தடுக்கும். 'ஹர்' என்பதை எடுக்க மறந்து "ஹூ ஐ கேவ் தி கீஸ் டு ஹர்" என்று எழுதுவது ஒன்று. அதே ஆளை இரண்டு முறை சொன்னதாகிறது. காலி இடம் அடைபட்டுப்போகிறது. 'டு' காணாமல் போவது இரண்டாவது. தொடரை ஆளுக்குப் பக்கத்தில் வைக்காமல் கடைசியில் கொண்டுபோய் ஒட்டுவது மூன்றாவது: "தி உமன் டிட் நாட் கம் டுடே ஹூ ஐ கேவ் தி கீஸ் டு" என்றால் கேட்பவர் பாதியில் தொலைந்துவிடுவார். நான்காவது நீளமான வாக்கியங்களில் வரும். விளக்கத்தை எழுதி முடிக்கும் களைப்பில் முக்கிய வினையே விடுபட்டுப்போகும். "தி மேன் ஹூ சிட்ஸ் நெக்ஸ்ட் டு மீ இன் தி ஆபீஸ்" என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைப்பார்கள். அந்த மனிதருக்கு என்ன ஆனது? விரலால் மறைக்கும் சோதனை இதை உடனே காட்டிக்கொடுக்கும். மறைத்தால் "தி மேன்" மட்டும் மிஞ்சும்.

எதை வைப்பது, எதை விடுவது

ஹூ, ஹூம், தட், ஒன்றும் இல்லாமல் விடுவது என்று நான்கு வழி. எதைத் தேர்வது என்பதற்கு இலக்கணப் பெயர்கள் தேவையில்லை. இணைப்புச் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து நேராக வினை வந்தால் அந்த ஆள்தான் வேலையைச் செய்தவர். "தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்." இங்கே 'ஹூ' கட்டாயம், 'தட்' போட்டாலும் சரி, விடக்கூடாது. விட்டால் "தி மேன் கேம் யெஸ்டர்டே" என்று காதுக்கு ஒரு முழு வாக்கியம் கேட்டு முடிந்துவிடும். பிறகு வரும் 'இஸ்' என்ன செய்வதென்று தெரியாமல் நடுத்தெருவில் நிற்கும்.

அடுத்து இன்னொரு ஆள், அதாவது 'ஐ', 'யூ', 'மை சிஸ்டர்' போன்ற ஒன்று வந்தால், வேலையைச் செய்தது அந்தப் புது ஆள். "தி மேன் ஐ மெட் யெஸ்டர்டே", "தி டாக்டர் மை சிஸ்டர் ரெக்கமெண்டட்". இங்கே இணைப்புச் சொல் வேண்டியதில்லை. பேச்சு ஆங்கிலத்தில் விடுவதுதான் சாதாரணம். வைத்தாலும் பிழையில்லை, கொஞ்சம் கனமாக ஒலிக்கும்.

'ஹூம்' பற்றி நம்மிடையே தேவைக்கு மேல் பயம் இருக்கிறது. செயப்படுபொருள் என்றால் 'ஹூம்'தான் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "தி மேன் ஹூம் ஐ மெட்" முறையான எழுத்தில் சரி. எதிரே நின்று பேசும்போது விறைப்பாக இருக்கும். 'ஹூம்' உண்மையில் தவிர்க்கமுடியாத இடம் ஒன்று உண்டு. பிரிப்பொசிஷனை, அதாவது 'டு', 'ஃபார்', 'வித்' போன்ற சொல்லைத் தூக்கி முன்னால் கொண்டுவந்தால் அதன் பின்னால் 'ஹூம்' மட்டுமே வரும்: "தி ஆபீசர் டு ஹூம் ஐ ரோட்". அங்கே 'டு ஹூ' கூடாது. 'டு தட்' எந்தக் காலத்திலும் கிடையாது. விண்ணப்பம், அலுவலகக் கடிதம் என்றால் இந்த வடிவம் பொருந்தும். மற்ற இடங்களில் "தி ஆபீசர் ஐ ரோட் டு" போதும்.

'ஹூம்' பயத்தால் வரும் எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு, நன்றாகப் படித்தவர்கள் செய்வது. "தி மேன் ஹூம் ஐ தாட் வாஸ் தி மேனேஜர்." அடுத்து 'ஐ' வந்ததைப் பார்த்து 'ஹூம்' போட்டுவிட்டார்கள். 'ஐ தாட்' என்பதை ஒதுக்கி வைத்துப் படியுங்கள்: "ஹூ வாஸ் தி மேனேஜர்". 'வாஸ்' என்பதற்கு எழுவாய் வேண்டும், ஆகவே 'ஹூ'தான். 'ஐ தாட்', 'ஷீ சேஸ்', 'தே பிலீவ்' போன்றவை நடுவில் வந்தால் அவற்றைத் தாண்டிப் பார்க்கவேண்டும்.

மனிதர்களுக்கு 'தட்' போடலாமா? தாராளமாக. மனிதருக்கு 'ஹூ' மட்டும்தான் என்று திருத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'தட்' ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக ஆட்களுக்கு வந்துகொண்டிருக்கிற சொல். எழுத்தில் 'ஹூ' சற்றே மரியாதையாகத் தெரியும், அவ்வளவுதான். பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'அது' என்று சுட்டும்போது 'தட்' அழுத்தமாக வரும், இணைப்புச் சொல்லாக வரும்போது உயிரெழுத்து தேய்ந்து ஏறக்குறைய 'தெட்' என்று ஓடிவிடும். அழுத்திச் சொன்னால் கேட்பவர் எதையோ சுட்டுகிறீர்கள் என்று நினைப்பார்.

'விச்' இன்றைய ஆங்கிலத்தில் ஆளுக்கு வராது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்" என்று இருக்கும். அன்று அது சரி. இன்று "தி மேன் விச்" என்று எழுதினால் மனிதனைப் பொருளாக்கியதுபோல் இருக்கும். கம்பெனி, குழு, கமிட்டி போன்றவை ஒரு அமைப்பாக நின்றால் 'விச்' அல்லது 'தட்'. உள்ளே இருக்கும் ஆட்களை நினைத்துச் சொன்னால் 'ஹூ'.

காணாமல் போகும் டு, ஃபார், ஃப்ரம், வித்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். கீழே தமிழைப் படித்துவிட்டு ஆங்கிலத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்.

- நான் பேசிய ஆள்: தி மேன் ஐ ஸ்போக் டு
- நான் காத்திருந்த தோழி: தி ஃபிரெண்ட் ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார்
- நான் கடன் வாங்கிய நண்பர்: தி ஃபிரெண்ட் ஐ பாரோட் மனி ஃப்ரம்
- நான் சேர்ந்து வேலைசெய்யும் ஆட்கள்: தி பீப்பிள் ஐ வர்க் வித்
- நான் நம்பியிருக்கும் ஒருவர்: தி பர்சன் ஐ டிபெண்ட் ஆன்

தமிழில் அந்த இடங்களில் ஓர் உருபும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் "தி மேன் ஐ ஸ்போக்" என்று நிறுத்திவிடுகிறோம். சில வினைகளில் இப்படி நிறுத்தினால் குறைபாட்டோடு போகும். சிலவற்றில் பொருளே மாறிவிடும். 'ஹியர்' என்ற வினையைப் பாருங்கள். "தி உமன் ஐ ஹெர்ட்" என்றால் அவள் குரல் என் காதில் விழுந்தது. "தி உமன் ஐ ஹெர்ட் ஃப்ரம்" என்றால் அவளிடமிருந்து கடிதமோ ஃபோனோ வந்தது. "தி உமன் ஐ ஹெர்ட் அபவுட்" என்றால் அவளைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டேன். 'லுக்' அதைவிட மோசம். "தி சைல்டு ஐ லுக்ட் அட்" நான் பார்த்த குழந்தை; "லுக்ட் ஃபார்" என்றால் தேடிய குழந்தை; "லுக்ட் ஆஃப்டர்" என்றால் கவனித்துக்கொண்ட குழந்தை. கடைசிச் சொல் போனால் மூன்றில் எது என்று யாராலும் சொல்லமுடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. தமிழில் உருபு வருகிறதே என்று ஆங்கிலத்தில் தேவையில்லாத ஒன்றைச் சேர்த்துவிடுவது. 'அவருக்கு உதவினேன்' என்பதில் 'க்கு' இருக்கிறது, ஆனால் "தி மேன் ஐ ஹெல்ப்ட்" என்பதோடு முடிந்தது, 'டு' வராது. 'அவளுக்கு ஃபோன் பண்ணினேன்' என்பது "தி உமன் ஐ கால்டு". 'அவரோடு கல்யாணம்' என்பதைப் பார்த்து "தி மேன் ஷீ மேரீட் வித்" என்று எழுதக்கூடாது. "தி மேன் ஷீ மேரீட்" மட்டுமே. 'அவருக்குப் பதில் சொன்னேன்' என்பதும் "தி மேன் ஐ ஆன்ஸர்ட்".

எது வரும், எது வராது என்பதற்குப் பொதுவிதி இல்லை; வினையோடு சேர்த்து மனப்பாடம் செய்வதுதான் ஒரே வழி. சந்தேகம் வந்தால் படி 1-க்குத் திரும்பிப் போங்கள். தனி வாக்கியமாக "ஐ ஸ்போக் டு ஹிம்" என்று சொல்வீர்கள், "ஐ ஹெல்ப்ட் ஹிம்" என்று சொல்வீர்கள். தனி வாக்கியத்தில் இருந்தது தொடருக்குள்ளும் இருக்கும், இல்லாதது இருக்காது.

ஒருமை, காலம், எதிர்மறை

பெயரெச்சம் விழுங்குவது உருபுகளை மட்டுமா? 'வசிக்கும் மனிதர்', 'வசிக்கும் மனிதர்கள்' இரண்டிலும் 'வசிக்கும்' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும்: "தி மேன் ஹூ லிவ்ஸ் ஹியர்", "தி பீப்பிள் ஹூ லிவ் ஹியர்". 'ஹூ' என்பதற்கு எண் கிடையாது. அதற்கு முன்னால் நிற்கும் ஆளிடமிருந்துதான் வினை எண்ணை வாங்கிக்கொள்ளும். முக்கிய வினையும் அதே ஆளைத்தான் பார்க்கவேண்டும்: "தி பாய்ஸ் ஹூ சிட் நியர் தி விண்டோ ஆர் நாய்ஸி". பக்கத்தில் 'விண்டோ' ஒருமையில் இருக்கிறதே என்று 'இஸ்' போட்டுவிடாதீர்கள்.

'பாடும் பெண்' என்றால் வழக்கமாகப் பாடுகிறவளா, இதோ இப்போது பாடிக்கொண்டிருப்பவளா? தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆங்கிலத்தில் முதலாவது "ஹூ சிங்ஸ்", இரண்டாவது "ஹூ இஸ் சிங்கிங்". கூட்டத்தில் ஒருத்தியைச் சுட்டிக்காட்டும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் தேவைப்படும்.

எதிர்மறையில் சிக்கல் கூடும். 'வராத மாணவர்கள்' என்பதில் காலமே கிடையாது. ஆங்கிலத்துக்குப் போகும்போது நீங்கள்தான் முடிவுசெய்யவேண்டும். நேற்று வராதவர்கள் என்றால் "ஹூ டிட் நாட் கம்". எப்போதுமே வராதவர்கள் என்றால் "ஹூ டு நாட் கம்". இன்னும் வந்துசேராதவர்கள் என்றால் "ஹூ ஹாவ் நாட் கம்". வருகைப் பதிவு பற்றி மெயில் எழுதும்போது இதை மாற்றிப் போட்டால், ஒருநாள் வராதவர்கள் எல்லாம் எப்போதுமே வராதவர்கள் ஆகிவிடுவார்கள்.

ஹூஸ்

'உடைய' விழுங்கப்பட்ட இடம் இது. 'பை தொலைந்த பெண்', 'அப்பா வக்கீலாக இருக்கும் பையன்', 'பெயர் மறந்துபோன ஒரு நடிகர்'. ஆளுக்கும் அடுத்து வரும் பெயருக்கும் சொந்தம் இருந்தால் 'ஹூஸ்': "தி உமன் ஹூஸ் பேக் வாஸ் லாஸ்ட்", "தி பாய் ஹூஸ் ஃபாதர் இஸ் எ லாயர்", "ஆன் ஆக்டர் ஹூஸ் நேம் ஐ ஹாவ் ஃபர்காட்டன்".

'ஹூஸ்' என்பதற்கு அடுத்து நேராகப் பெயர்ச்சொல். நடுவில் 'தி', 'ஹர்', 'ஹிஸ்' எதுவும் நுழையாது; "ஹூஸ் ஹர் பேக்" என்பது பிழை. விடுவதற்கும் அனுமதி இல்லை. எழுத்தில் இன்னொரு பொறி. 'ஹூ இஸ்', 'ஹூ ஹாஸ்' என்பவற்றின் சுருக்கமும் இதே ஒலிதான், ஆனால் அதில் எஸ் எழுத்துக்கு முன்னால் அப்பாஸ்டிரபி இருக்கும். விரித்துச் சொல்லிப் பாருங்கள். 'ஹூ இஸ்' என்று விரித்தால் பொருள் வருகிறதா? வந்தால் அப்பாஸ்டிரபி. "தி உமன் ஹூ இஸ் பேக் வாஸ் லாஸ்ட்" என்றால் உளறல். ஆகவே அங்கே உடைமைச் சொல்.

காற்புள்ளி வைத்தால் கதை மாறும்

"வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் ஒரு நர்ஸ்." இவருக்கு எத்தனை அண்ணன்கள்? தமிழ் சொல்லவில்லை. ஆங்கிலம் சொல்லியாகவேண்டும்.

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட் இஸ் எ நர்ஸ்." காற்புள்ளி இல்லை. பல அண்ணன்களில் வெளிநாட்டில் இருப்பவர் என்று பிரித்துக் காட்டுகிறது. இந்த விளக்கத்தை எடுத்துவிட்டால் 'எந்த அண்ணன்?' என்று கேட்கவேண்டி வரும்.

"மை பிரதர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் எ நர்ஸ்." இரண்டு காற்புள்ளி. இருப்பது ஒரே அண்ணன். அல்லது யாரைச் சொல்கிறோம் என்பது முன்பே தெளிவு. வெளிநாடு என்பது கூடுதல் தகவல். எடுத்துவிட்டாலும் ஆள் மாறமாட்டார்.

ஆகவே எழுதும் முன் ஒரு கேள்வி: கேட்பவர் 'எந்த?', 'யாரு?' என்று கேட்க வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் காற்புள்ளி வேண்டாம். இல்லையென்றால் இரண்டும் வேண்டும், திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்று. ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போவது கதவைத் திறந்துபோட்டுப் போவதுபோல. விளக்கம் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் மட்டும் மூடும் வேலையை முற்றுப்புள்ளி பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்தே மற்றது வரும். அம்மா ஒருவர்தான், ஆகவே "மை மதர்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் காற்புள்ளி வரும். பெயர் சொல்லப்பட்ட ஆளுக்கும் அப்படித்தான்: "மேரி கியூரி, ஹூ வன் டூ நோபல் பிரைஸஸ், டைட் இன் 1934." ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, அவர்களில் ஒருவரைப் பிரிக்கவேண்டும் என்றால் மட்டும் பெயருக்கு முன்னால் 'தி' வந்து காற்புள்ளி போய்விடும்: "தி ராபர்ட் ஹூ வர்க்ஸ் வித் மீ".

பன்மையில் இந்தக் காற்புள்ளிக்கு எடை அதிகம். "தி எம்ப்ளாயீஸ் ஹூ ஜாயிண்ட் இன் மே வில் கெட் எ போனஸ்" என்றால் மே மாதம் சேர்ந்தவர்களுக்கு மட்டும் போனஸ். "தி எம்ப்ளாயீஸ், ஹூ ஜாயிண்ட் இன் மே, வில் கெட் எ போனஸ்" என்றால் எல்லோருக்கும் போனஸ். எல்லோரும் மே மாதம்தான் சேர்ந்தார்கள். ஒரு சுற்றறிக்கையில் இரண்டு காற்புள்ளிகளால் சம்பளக் கணக்கே மாறிவிடும்.

காற்புள்ளி வகையில் 'தட்' கிடையாது. இணைப்புச் சொல்லை விடுவதும் கிடையாது. பேசும்போது அந்த இரண்டு இடத்திலும் சிறு நிறுத்தம் வரும். நடுவில் உள்ளதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு மேலே வருவார்கள். பிரித்துக்காட்டும் வகையில் நிறுத்தமே இல்லாமல் ஒரே மூச்சில் போகும்.

எண்ணிச் சொல்லும்போது 'ஆஃப் ஹூம்' தேவைப்படும். "ஐ ஹாவ் த்ரீ சிஸ்டர்ஸ், டூ ஆஃப் ஹூம் ஆர் நர்ஸஸ்." இங்கே 'டூ ஆஃப் தெம்' என்று எழுதி, நடுவில் காற்புள்ளி மட்டும் போட்டால் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டியதாகிவிடும். 'தெம்' வேண்டுமென்றால் முற்றுப்புள்ளி வையுங்கள்.

இன்னொன்று. "ஷீ மேரீட் எ சிங்கர், விச் சர்ப்ரைஸ்ட் அஸ்" என்றால் வியப்பளித்தது அந்தக் கல்யாணம். அதே இடத்தில் 'ஹூ' போட்டால் வியப்பளித்தவர் பாடகர். 'விச்' இங்கே ஆளைக் குறிக்கவில்லை. முன்னால் சொன்ன முழுச் செய்தியையும் குறிக்கிறது. அதனால் இது பிழையில்லை.

வந்தவர், வராதவர், யார் வருகிறாரோ அவர்

வினையாலணையும் பெயருக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை. ஆளை வெளியே எடுத்து வைக்கவேண்டும். 'வந்தவர்' என்பது "தி பர்சன் ஹூ கேம்" அல்லது "தி ஒன் ஹூ கேம்". 'வந்தவள்' என்றால் "தி உமன் ஹூ கேம்". 'வராதவர்கள்' என்றால் "தோஸ் ஹூ டிட் நாட் கம்". 'தோஸ் ஹூ' எப்போதும் பன்மை. "ஹீ ஹூ" என்பது பழமொழிகளில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மெயிலில் எழுதினால் சிரிப்பார்கள்.

'யார் முதலில் வருகிறாரோ அவருக்கு' என்ற அமைப்பை அப்படியே பெயர்த்து "ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட், ஹீ வில் கெட் இட்" என்று பலர் எழுதுகிறார்கள். 'ஹூஎவர்' ஒரு சொல் அந்த 'யார்', 'ஓ', 'அவர்' மூன்றின் வேலையையும் செய்துவிடும்: "ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட் வில் கெட் இட்." பிறகு 'ஹீ' வராது.

சுருக்குவது

நேரில் ஆளைக் காட்டும்போது முழுத் தொடர் பெரும்பாலும் தேவைப்படாது. "தி மேன் ஹூ ஹாஸ் எ பியர்ட்" பிழையில்லை, ஆனால் யாரும் "தி மேன் வித் தி பியர்ட்" என்றுதான் சொல்வார்கள். உடைக்கு 'இன்': "தி உமன் இன் தி புளூ ஷர்ட்". உடம்போடு இருப்பது, கையில் இருப்பது 'வித்', உடுத்தியிருப்பது 'இன்'. இதை மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும்.

"ஹூ இஸ் ஸ்டாண்டிங் அட் தி டோர்" என்பதில் 'ஹூ இஸ்' இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம்: "தி கேர்ள் ஸ்டாண்டிங் அட் தி டோர்". செய்யப்பட்டவருக்கும் அப்படியே: "தி டிரைவர் இஞ்சர்ட் இன் தி ஆக்ஸிடென்ட்". ஒன்றை மட்டும் எடுத்து ஒன்றை விடக்கூடாது. "தி கேர்ள் இஸ் ஸ்டாண்டிங் அட் தி டோர் இஸ் மை கசின்" என்பது முன்பு பார்த்த அதே நடுத்தெரு. முடிந்துபோன ஒற்றைச் செயலுக்கு 'இங்' சுருக்கம் ஒத்துவராது. "தி பாய் பிரேக்கிங் தி கிளாஸ் யெஸ்டர்டே" என்று சொல்லமுடியாது. "ஹூ புரோக்" என்று முழுதாகச் சொல்லவேண்டும். முதலாமவர், கடைசியாக வந்தவர், ஒரே ஒருவர் என்று வந்தால் 'டு' போட்டுச் சுருக்குவது அழகு: "நீல் ஆம்ஸ்டிராங் வாஸ் தி ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் தி மூன்."

ஐந்து வாக்கியம்

முதலில் தமிழை மட்டும் படித்து, விடையை மறைத்துவிட்டு முயலுங்கள்.

1. எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார். "தி டீச்சர் ஹூ டாட் மீ இங்கிலீஷ் ஹாஸ் ரிட்டயர்ட்." அடுத்து வினை, ஆகவே 'ஹூ' கட்டாயம்.

2. நீங்கள் காத்திருக்கும் டாக்டர் இன்று வரமாட்டார். "தி டாக்டர் யூ ஆர் வெயிட்டிங் ஃபார் வோன்ட் கம் டுடே." 'ஃபார்', 'வோன்ட்' இரண்டும் அடுத்தடுத்து வருவது கண்ணை உறுத்தும்; சரிதான். 'ஃபார்' முடிந்ததும் குரலில் சிறு இடைவெளி விடுங்கள், எழுத்தில் காற்புள்ளி வேண்டாம்.

3. பாஸ்போர்ட் தொலைந்த பயணிகள் இங்கே காத்திருக்கவும். "பாசெஞ்சர்ஸ் ஹூஸ் பாஸ்போர்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங் ஷுட் வெயிட் ஹியர்."

4. நேற்றைய கூட்டத்துக்கு வராதவர்கள் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. "தோஸ் ஹூ டிட் நாட் அட்டெண்ட் யெஸ்டர்டேஸ் மீட்டிங் நீட் நாட் சைன்." 'கூட்டத்துக்கு' என்பதில் உள்ள 'க்கு' 'அட்டெண்ட்' என்பதோடு வராது.

5. மருத்துவமனையில் வேலைசெய்யும் என் அக்கா நாளை வருகிறாள். அக்காக்கள் பலர் என்றால் "மை சிஸ்டர் ஹூ வர்க்ஸ் இன் எ ஹாஸ்பிடல் இஸ் கமிங் டுமாரோ." ஒரே அக்கா என்றால் "மை சிஸ்டர், ஹூ வர்க்ஸ் இன் எ ஹாஸ்பிடல், இஸ் கமிங் டுமாரோ." யாருடைய வாக்கியமோ அவரிடம் எத்தனை அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் இதை எழுதமுடியும்.